எறும்பு வந்த தவக்காலம்

மார்ச் 5, திருநீற்றுப் புதன்

காலையில் கோயிலில் சாமியார் என் நெற்றியில் சாம்பல் சிலுவை போடும்போது, மனசுக்குள் இனிப்பை விட்டுவிட்டேன். உயிர்ப்பு ஞாயிறு வரை சர்க்கரை, கருப்பட்டி, மிட்டாய், மக்ரூன், கேக் எதையும் தொடமாட்டேன். அம்மா ஒவ்வொரு தவக்காலத்திலும் இந்த ஒறுத்தலைத்தான் செய்கிறாள். எனக்குத் தெரிந்து ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை. மற்ற நாட்களில் டீயில் மூன்று கரண்டி போட்டுக் குடிப்பவள், இப்போது கடுங்காப்பியை மருந்து மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்குகிறாள்.

நானும் விடப்போகிறேன் என்றதும் தையல் மிஷினை நிறுத்திவிட்டு என் தலையைத் தடவினாள். எதற்காக ஒப்புக்கொடுக்கிறாய் என்று கேட்டாள். கப்பலில் வேலை பார்க்கும் அப்பாவுக்காக என்று சொன்னேன்.

அது பொய். பெரியம்மா மகள் ஜூடித் அக்காவுக்கு உயிர்ப்பு முடிந்ததும் கல்யாணம். நான்தான் தோழிப்பெண். போன வாரம் அம்மா எனக்கு அளவெடுத்தபோது, பெரியம்மா டேப்பை எட்டிப் பார்த்துவிட்டு, "லூர்து, இவளுக்கு மட்டும் ரெண்டு தோழிப்பொண்ணுக்கு உள்ள துணி எடுக்கணும் போலயே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அம்மா மட்டும் வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டு, வளர்கிற பிள்ளை, உள்ளே துணி விட்டுத்தான் தைப்பேன் என்றாள்.

ஆண்டவருக்குக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டுக் கவுனுக்காக இனிப்பை விடுவது பாவமா? யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. இருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால் எரியும் சிவப்பு பல்ப் வெளிச்சத்தில்தான் இதை எழுதுகிறேன். அம்மா தூங்கிவிட்டாள். அவர் தூங்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

சிலுவைப்பாதையில் ஐந்தாம் நிலைவரை ஒழுங்காக ஜெபித்தேன். ஆறாம் நிலையிலிருந்து ஜாங்கிரி ஞாபகம்.

மார்ச் 10, திங்கள்

இனிப்பு கேட்கும்போதெல்லாம் என்ன செய்வது என்று சில வழிகள் கண்டுபிடித்திருக்கிறேன். சாப்பிட்டதும் பல் துலக்கிவிட வேண்டும். வாயில் ஒரு கிராம்பு. அதுவும் போதாவிட்டால் வெள்ளரிக்காயில் மிளகாய்த்தூள் போட்டுத் தின்பது. சாயங்காலம்தான் ரொம்பக் கஷ்டம். பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியில் பேக்கரிக்காரர் மக்ரூன் தட்டை வெளியே எடுத்து வைக்கிற நேரம். இன்று எதிர்ப் பக்கமாக நடந்தேன். என் வகுப்புத் தோழி இசக்கி என்னோடு எதிர்ப் பக்கத்துக்கே வந்து, எனக்குத் தெரியாமல் வாங்கிய மக்ரூனை முதுகைத் திருப்பிக்கொண்டு தின்றாள். நல்ல பிள்ளை.

ஒரு சந்தேகம். பேஸ்ட் இனிக்கிறது. நான்கு தடவை பல் துலக்கினேன். கடைசி இரண்டு தடவை பல்லுக்காகத் துலக்கவில்லை. இது கணக்கில் வருமா? நாளை முதல் உப்பு.

மார்ச் 14, வெள்ளி

தோற்றுவிட்டேன்.

கல்யாணப் பலகாரத்துக்காகப் பெரியம்மா உடன்குடியிலிருந்து வாங்கிய சில்லுக்கருப்பட்டியில் ஒரு ஓலைக்கொட்டான் எங்கள் வீட்டில் இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து அதன் சுக்கு வாசனை வந்துகொண்டே இருந்தது. அம்மா தைத்த சட்டையைக் கொடுக்க அடுத்த தெருவுக்குப் போனாள். ஒரு துண்டு எடுத்தேன். கூடத்தில் ஆண்டவர் படம், சமையலறையில் மாதா படம். குளியலறையில்தான் யாரும் இல்லை. கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு, கடிக்காமல் நாக்கிலேயே வைத்துக் கரைத்தேன். அழுகை வந்தது. ஆனால் துப்பவில்லை.

ஒரு துண்டுதான். இனிமேல் இல்லை.

மார்ச் 22, சனி

இன்று கவுனை முதல்முறையாகப் போட்டுப் பார்த்தேன். இடுப்பில் இரண்டு விரல் நுழைகிறது. அம்மா நம்பாமல் டேப்பை இன்னொரு தடவை சுற்றினாள். "பாத்தியா, ஒறுத்தலுக்கு ஆண்டவர் குடுத்த கூலி" என்று சொல்லிக்கொண்டே இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தாள்.

எனக்குப் புரியவில்லை. நான் பொய் சொன்னேன். திருடித் தின்றேன். எனக்கு எப்படிக் கூலி கொடுப்பார்? அம்மாவின் ஒறுத்தலை என் பெயரில் தவறாக எழுதிவிட்டாரோ?

வெயில் தொடங்கிவிட்டது. தாகமாகவே இருக்கிறது. இரவில் எழுந்து தண்ணீர் குடிக்கிறேன், பிறகு ஒன்றுக்குப் போக எழுகிறேன், பிறகு மறுபடி குடிக்கிறேன். எப்படியும் விழித்திருப்பதால் எழுத நேரம் கிடைக்கிறது.

மார்ச் 25, செவ்வாய்

இசக்கியின் பாட்டிலையும் நானே குடித்துவிட்டேன். "ஏட்டி, நீ என்ன ஒட்டகமா?" என்று கேட்டாள். கணக்கு மிஸ் பாடம் நடத்தும்போது இரண்டு தடவை வெளியே போக அனுமதி கேட்டேன். மூன்றாவது தடவை கை தூக்கியபோது மிஸ் சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் மெலிந்துவிட்டேன் என்று நான்கு பேர் சொன்னார்கள். அதை நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 28, வெள்ளி

சிலுவைப்பாதை முடிந்து வந்ததும் அம்மா என்னைக் குளியலறைக்குக் கூப்பிட்டாள். கக்கூஸ் ஓரத்தில் எறும்பு. ஒன்று இரண்டு இல்லை. ஜன்னல் விரிசலிலிருந்து நூல் பிடித்த மாதிரி இறங்கி வந்து, பீங்கானைச் சுற்றி மொய்த்துக் கிடந்தது.

"என்னட்டி தின்ன இங்க வச்சு?"

அந்தக் கருப்பட்டி! இரண்டு வாரம் ஆகிவிட்டது. ஒரு துணுக்குகூடக் கீழே விழவில்லை. குழாய் வேறு ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றுமே தின்னவில்லை என்றேன். இருதய ஆண்டவர் படத்தைத் தொட்டுச் சொல்லு என்றாள். தொட்டுச் சொன்னேன்.

அம்மா எறும்புச் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு, பினாயில் ஊற்றிக் கழுவினாள். கடுங்காப்பி போட்டு எனக்கும் ஒரு டம்ளர் வைத்தாள். எனக்கு முன்னால் உட்கார்ந்து, வழக்கத்தைவிட மெதுவாகக் குடித்தாள்.

படத்தைத் தொட்ட விரல் இன்னும் சில்லென்று இருக்கிற மாதிரி இருக்கிறது.

ஏப்ரல் 1, செவ்வாய்

இன்றும் எறும்பு.

ஏப்ரல் 2, புதன்

சாக்பீஸ் கோட்டைத் தாண்டி வருகிறது. யாரும் எழுவதற்கு முன் நானே கழுவிவிட்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் மறுபடி.

ஏப்ரல் 4, வெள்ளி

பாவசங்கீர்த்தனம் செய்தேன். இனிப்பு தின்றதையும், பொய்ச் சத்தியம் செய்ததையும், கவுனுக்காகத்தான் ஒறுத்தல் செய்ததையும் சொன்னேன். கம்பிக்கு அந்தப் பக்கம் சாமியார் சிரித்த மாதிரி இருந்தது. அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடச் சொன்னார். மூன்று அருள்நிறை மந்திரம் கொடுத்தார். அவ்வளவுதான். இன்னும் அதிகம் கொடுப்பார் என்று நினைத்திருந்தேன்.

எறும்பைப் பற்றிச் சொல்லலாமா என்று யோசித்தேன். எறும்பு என் பாவமா, தண்டனையா என்று தெரியவில்லை. தாகத்தைப் பற்றிச் சொல்லவில்லை. தாகம் பாவம் இல்லை.

அம்மாவிடம் சொல்ல வேண்டும். நாளை சொல்வேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

சொல்லவில்லை.

கவுனை இரண்டாவது தடவை பிடித்தாயிற்று. இந்தத் தடவை அம்மா கூலி என்று சொல்லவில்லை. டேப்பை என் கையைச் சுற்றிப் பிடித்துவிட்டு, அதிலிருந்த எண்ணைப் பார்த்தபடி நின்றாள். வயிறாரத் தின்கிறாயா என்று கேட்டாள். தின்கிறேன். அதுதான் எனக்கே விளங்கவில்லை. நேற்று ராத்திரி மூன்று தட்டு சோறு தின்றேன். சட்டியில் மீன் குழம்பு தீர்ந்தபிறகு சட்டியையே வழித்தேன். தின்னத் தின்ன மெலிகிறேன். இதற்குத்தானே ஆசைப்பட்டேன்? பயமாக இருக்கிறது.

பெரியம்மா வந்திருந்தார். என் கன்னத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பொண்ணவிட தோழி ஒல்லியா நின்னா நல்லாவாட்டி இருக்கும்? போதும், நிறுத்து" என்றார்.

நிறுத்தத்தான் பார்க்கிறேன். எதை நிறுத்துவது என்றுதான் தெரியவில்லை. ஜெபத்தில் ஆண்டவரிடம் போதும் என்று சொல்லிவிட்டேன். நான் கேட்ட இடத்தைத் தாண்டிப் போய்விட்டது என்றும் சொன்னேன். கொடுத்ததை நிறுத்தச் சொன்னால் கோபித்துக்கொள்வாரோ?

இன்றிலிருந்து இனிப்பு தின்னத் தொடங்கினால் எடை நின்றுவிடும். ஆனால் அப்படிச் செய்தால் ஒறுத்தல் முழுவதும் உடைந்துவிடும். ஒரு தடவை உடைத்ததற்கே எறும்பு வந்தது.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

குருத்தோலைப் பவனியில் கால் வலித்தது. கோயிலில் பாட்டு எண் எழுதிய பலகை கலங்கித் தெரிந்தது. கண்ணைத் துடைத்துப் பார்த்தேன், அப்போதும் அப்படித்தான். இசக்கி இன்று கோயில் வாசல்வரை என்னைப் பார்க்க வந்தாள். ஓலையில் சிலுவை செய்து தரச் சொன்னாள். மடிக்க மடிக்கக் கை நழுவியது. "உனக்கு என்னமோ ஆயிட்டு பிரெசி. உங்க அம்மாட்ட சொல்லட்டா?" என்று கேட்டாள். சொன்னால் இனி உன்னோடு பேசமாட்டேன் என்றேன். அவள் அழுகிற மாதிரி போய்விட்டாள்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

ஏப்ரல் 15, செவ்வாய்

காலையில் வாந்தி. வயிற்று வலி. பள்ளிக்கூடம் போகவில்லை.

அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்க்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். என் தாடையைப் பிடித்து, வாய்க்குப் பக்கத்தில் மூக்கை வைத்து முகர்ந்தாள்.

"பழமிட்டாய் வாசன வருது."

இல்லை என்றேன்.

"தண்ணி கூட நிக்காம வாந்தி எடுக்க, வாயில மட்டும் பழமிட்டாய் மணக்குது. ஆண்டவர் படத்தத் தொட்டுச் சத்தியம் பண்ணினியே. எதுக்குட்டி? தின்னா தின்னுட்டுப் போ, நான் என்ன அடிக்கவா போறேன்? பொய் எதுக்கு?"

அம்மா கத்தவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. நான் பேச வாயைத் திறந்தபோது வாசனை எனக்கே வந்தது. உண்மைதான். அழுகிய வாழைப்பழமும் மிட்டாயும் கலந்த மாதிரி. நான் எதையும் தின்னவில்லை. தின்றேனா? தூக்கத்தில் எழுந்து தின்கிறேனோ? இரவில் எத்தனை தடவை எழுகிறேன் என்று எனக்கே தெரியாது. கொட்டானில் கருப்பட்டி எவ்வளவு இருந்தது என்றும் தெரியாது.

எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய் என்று நாளைக்குக் கண்டுபிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு அம்மா படுத்துவிட்டாள். அவள் கண்டுபிடித்துவிட்டால் நல்லது என்று தோன்றுகிறது. எனக்கும் தெரிந்துவிடும்.

மூச்சு வாங்குகிறது. எழுத்து கோடு மாறிப் போகிறது.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

ஆஸ்பத்திரி. அம்மா என் பள்ளிப் பையில் துணிகளை அடைத்துக் கொண்டு வந்திருக்கிறாள். இந்த நோட்டு அதற்குள்ளேயே இருந்தது. அவள் வராந்தாவில் ஜெபமாலை சொல்கிறாள். வார்டில் விளக்கை அணைத்துவிட்டார்கள். நர்ஸ் மேசை வெளிச்சம் என் கட்டில்வரை வருகிறது.

நடந்ததை எழுதுகிறேன்.

புதன்கிழமை காலையில் அம்மா சாக்பீஸோடு குளியலறைக்குள் போனாள். சோப்புப் பலகை, வாளிக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், ஜன்னல் மேடை எல்லாம் துழாவினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. நான் கதவுச் சட்டத்தில் சாய்ந்து நின்று பார்த்தேன். பிறகு அம்மா தேடுவதை விட்டுவிட்டுக் குந்தி உட்கார்ந்தாள். எறும்பு எங்கே போகிறதோ அங்கேதானே ஒளித்து வைத்திருப்பேன்? ஜன்னலிலிருந்து எறும்பு வரிசையின் பின்னாலேயே விரலை நகர்த்திக்கொண்டு வந்தாள். வரிசை சுவரில் இறங்கியது. வாளியைத் தாண்டியது. சோப்பைத் தாண்டியது. நேராகக் கக்கூஸுக்குப் போய் அங்கேயே நின்றது. அதற்கு அப்புறம் எங்கும் போகவில்லை.

அம்மாவின் விரலும் அங்கேயே நின்றது.

திரும்பாமலே கேட்டாள். "கடைசியா நீதான போன?"

ஆமாம் என்றேன்.

"ராத்திரி எத்தன தடவ எந்திரிக்க?"

தெரியவில்லை என்றேன்.

அம்மா சாக்பீஸைக் கையிலேயே பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவளுடைய கட்டைவிரலும் அடுத்த விரலும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. "எங்க அப்பாவுக்கு இப்படித்தான் வந்துச்சு" என்றாள். "அவருக்கு அறுபது வயசு. நீ சின்னப் பிள்ளையில்லா" என்றாள். அதன் பிறகு ஆட்டோ. ஆட்டோவில் அம்மாவின் கை முழுவதும் சாக்பீஸ் தூள். அதன் பிறகு எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை.

நேற்றுக் காலையில் டாக்டரம்மா என் கட்டிலில் உட்கார்ந்து விளக்கினார். உடம்பில் இன்சுலின் என்று ஒன்று சுரக்க வேண்டும். எனக்கு அது நின்றுபோய்விட்டது. அதனால் தின்றதெல்லாம் உடம்பில் சேராமல் சர்க்கரையாகச் சிறுநீரில் வெளியே போயிருக்கிறது. எறும்பு அதற்குத்தான் வந்திருக்கிறது. வாய் வாசனையும் இதனால்தான். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் என்று ஏதோ சொல்ல வந்தார். அம்மாவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். இனி தினமும் ஊசி. எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். எப்போதுமே என்றார்.

கருப்பட்டி தின்றதால் வந்ததா என்று கேட்டேன். இல்லை. நான் தின்றதால் வரவில்லை, தின்னாமல் இருந்திருந்தாலும் வராமல் போயிருக்காது என்றார். மெலிந்தது இனிப்பை விட்டதாலா என்று கேட்டேன். அதுவும் இல்லை.

அப்படியானால் என் ஒறுத்தல் எங்கே போனது? தண்டனையும் இல்லை, கூலியும் இல்லை. ஆண்டவர் அந்தப் பக்கமே பார்க்கவில்லையா? யோசித்தால் தலை சுற்றுகிறது.

இன்று மத்தியானம் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். குளியலறையில் வைத்து ஒரு துண்டு கருப்பட்டி தின்றேன், படத்தைத் தொட்டுப் பொய்ச் சத்தியம் செய்தேன்.

அம்மா என்னையே பார்த்தாள். "ஒண்ணே ஒண்ணா?"

ஒன்றே ஒன்றுதான் என்றேன்.

சிரித்தாள். பிறகு சேலை முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றாள். திரும்பி வந்து, கவுனில் உள்ளே விட்ட துணி அப்படியேதான் இருக்கிறது, வெட்டவில்லை, பிரித்து விட்டுவிடலாம் என்றாள்.

ஏப்ரல் 20, உயிர்ப்பு ஞாயிறு

விடிந்துகொண்டிருக்கிறது. நேற்று இரவு நடந்ததை மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

வியாழக்கிழமையிலிருந்து கோயில்களில் மணி அடிப்பதில்லை. சனிக்கிழமை இரவுப் பூசையில்தான் மறுபடி அடிப்பார்கள். மணி அடித்தால் தவக்காலம் முடிந்தது. அடுத்த தெருக் கோயில் மணி வார்டுக்கு நன்றாகக் கேட்கும் என்று நர்ஸக்கா சொல்லியிருந்தார். அதற்காகத்தான் தூங்காமல் காத்திருந்தேன்.

திடீரென்று கை நடுங்க ஆரம்பித்தது. சட்டையெல்லாம் வியர்வை. ஊசி போட்டும் ராத்திரிச் சாப்பாட்டில் பாதியை ஒதுக்கிவிட்டிருந்தேன். நர்ஸக்கா விரலில் குத்திப் பார்த்தார். இப்போது சர்க்கரை ரொம்ப இறங்கிவிட்டது, உடனே இனிப்பு கொடுங்கள், நான் டாக்டரைக் கூப்பிடுகிறேன் என்று அம்மாவின் கையில் ஒரு சர்க்கரைப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு ஓடினார்.

கரைத்துக் கொடுக்க அம்மா தண்ணீரைத் தேடினாள். ஜாடி காலி. வெறும் சர்க்கரையையே கரண்டியில் அள்ளி என் வாய்க்குக் கொண்டு வந்தாள்.

நான் உதட்டை இறுக்கிக்கொண்டேன்.

அப்போது என் மனசில் என்ன ஓடியது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மணி இன்னும் அடிக்கவில்லை. அது மட்டும்தான் தெளிவாக இருந்தது. ஒரு துண்டால் உடைத்ததை இந்தக் கடைசி நேரத்தையாவது காப்பாற்றிச் சரிசெய்துவிடலாம் என்று இருந்தது. தலையை ஆட்டினேன். மணி, மணி என்று சொன்னேனாம்.

"ஆண்டவர்ட்ட நான் சொல்லிக்கிடுதேன். வாயத் தொற."

திறக்கவில்லை. கரண்டி என் பல்லில் தட்டியது. சர்க்கரை போர்வையில் கொட்டியது. அம்மா கரண்டியில் மறுபடி அள்ளினாள். அதை என் பக்கம் கொண்டு வந்தவள், பாதியில் திருப்பித் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

இத்தனை வருஷமும் தவறாத அம்மா. கடைவாயில் சர்க்கரை நறநறவென்று அரைபடுவது எனக்குக் கேட்டது. என் கண்ணைப் பார்த்துக்கொண்டே விழுங்கினாள்.

"உடைச்சாச்சு. இப்ப ரெண்டு பேரும் ஒண்ணுதான். வாயத் தொறட்டி."

திறந்தேன்.

அம்மா மூன்று கரண்டி போட்டாள், தன்னுடைய டீக்குப் போடுகிற மாதிரி. முதல் கரண்டியில் ருசியே தெரியவில்லை. இரண்டாவதில் தெரிந்தது. மூன்றாவதில் அழுதேன். நர்ஸக்கா டாக்டரோடு வந்தபோது அம்மாவின் உதட்டிலும் சர்க்கரை ஒட்டியிருந்தது.

மணி எப்போது அடித்தது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. கரண்டி என் வாயில் இருந்தபோதா, அதற்கு அப்புறமா என்று அம்மாவிடம் கேட்டேன். அவளும் கேட்கவில்லையாம்.

இப்போது போர்வை ஓரத்தில், நேற்றுச் சிந்திய சர்க்கரைக்கு எறும்பு வந்திருக்கிறது. ஜன்னலிலிருந்து கட்டில் கால் வழியாக ஏறி வருகிறது. அம்மா விழித்துப் பார்த்தாள். தட்டிவிடவில்லை. காலை மட்டும் கொஞ்சம் நகர்த்திக்கொண்டு, மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.